அக்தோஷின் பை

நாய் வளர்ப்பில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று திமிராக இருந்தவள் நான். எங்கள் ஒன்பது மாடிக் கட்டிடத்தில் யார் வீட்டு நாய்க்கு வயிறு சரியில்லை என்றாலும் நாலாவது மாடிக்கு, என்னிடம்தான் வருவார்கள். கோழி எலும்பைப் போட்டீர்களா, திராட்சை கலந்த புளோ சோற்றைக் கொடுத்தீர்களா என்று போலீஸ்காரி மாதிரி குறுக்கு விசாரணை செய்வேன். பனிக்காலத்தில் உறைபனி உருக நடைபாதையில் உப்பு தூவுவார்கள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் அக்தோஷின் நாலு பாதத்தையும் வெந்நீரில் கழுவிவிடுவேன். குளிரில் இன்ஜின் உறையாமலிருக்கக் கார்களில் ஊற்றி, அடியில் ஒழுகிக் கிடக்கும் பச்சை விஷத் தண்ணீரை அவன் நக்கிவிடக் கூடாதென்று சுற்றுவழியில் கூட்டிப்போவேன். தெருநாய்களுக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று காதில் விழுந்த நாளிலிருந்து, வாய்க்கு வலை மாட்டாமல் அவன் படி இறங்கியதே இல்லை.

என் மாமியார் சோனுன்பூவுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"நாய்க்கு வெங்காயம் ஆகாதாம், திராட்சை ஆகாதாம்! ஏண்டி கனிஷாய், எங்கப்பா வெச்சிருந்த நாய் செத்த குதிரையவே தின்னுட்டு பதினாலு வருஷம் இருந்துச்சு."

"அது மலையில இருந்துச்சு அத்தை. இது நாலாவது மாடி."

"மாடி ஏறினா கொடலு மாறிடுமாக்கும்! டாக்டரம்மா சொல்லிட்டாங்கப்பா, கேட்டுக்கோ" என்று அக்தோஷிடம் முறையிடுவார்.

நாயை வீட்டுக்குள் வைப்பது முதலில் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஈர மூக்கு கையில் பட்டால் தொழுகைக்கு முன் மறுபடியும் கழுவ வேண்டும். அதனால் அவனைக் கையால் தொட மாட்டார், அவன் சாமான்களையும் தொட மாட்டார். ஆனால் என் கணவர் தலாந்த் லாரியோடு ஓஷ் நகரப் பாதையில் போய்விட்டால் பகல் முழுக்க அவருக்குப் பேச்சுத்துணை அவன்தான். சோபாவில் உட்கார்ந்து, காலுறை போட்ட பாதத்தால் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்வார். ஒன்பது கிலோ கறுப்பு உடம்பு, மார்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. அவர் சொல்வதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

நவம்பரில் எனக்குக் காசநோய் என்று சொன்னார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும், முதல் சில வாரம் மட்டும் யார் பக்கத்திலும் போகாதே என்றார் மருத்துவமனை டாக்டர். அக்காவுக்குக் கால் முறிந்துவிட்டது என்று பொய் சொல்லி, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லும்வரை தோக்மோக் ஊரில் அவள் வீட்டில், தனி அறையில் கிடந்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. காரணம் இருந்தது. எங்களுக்குக் கீழ் மாடியில் ஒரு மருமகளுக்கு இதே நோய் வந்தது. ஓய்வு எடுக்கட்டும் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள், அவள் மெத்தையைக் கொளுத்தினார்கள், அவள் திரும்பி வரவே இல்லை. "நல்லவேளை, சுருக்க அனுப்பிட்டாங்க" என்றார் என் மாமியார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாத்திரைகளை எங்கே ஒளிப்பது? மாமியார் கை படாத இடம் என்று எங்கள் வீட்டில் கிடையாது. என் அலமாரி, கைப்பை, மாவு டப்பா எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவார். அவர் கை போகாத ஒரே இடம் அக்தோஷின் பை. அவனுடைய வார், சீப்பு, உண்ணி மருந்து, பரிசாகக் கொடுக்கும் உலர்ந்த இறைச்சித் துண்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். வாசல் பக்கம் உயரமான கொக்கியில் தொங்கும். என் மாத்திரை அட்டைகளை அந்த இறைச்சிப் பொட்டலத்துக்கு அடியில் சொருகிவைத்தேன். என்ன மூளை எனக்கு என்று மெச்சிக்கொண்டேன். அவன் உயிராக நினைக்கும் மணத்துக்குள் விஷத்தை வைக்கிறோம் என்று இந்த டாக்டரம்மாவுக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம். வாசலில் நின்று மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. பையைச் சட்டென்று செருப்புப் பலகையில் வைத்துவிட்டு, "என்ன அத்தை?" என்று சமையலறைக்குப் போனேன். ஜிப்பை இழுக்கவில்லை. பிசைந்த மாவை இருவரும் தேய்த்து, மாண்ட்டி என்கிற இறைச்சிக் கொழுக்கட்டை மடிக்க உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் பையின் நினைப்பே வரவில்லை.

வாசலில் ஏதோ தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். அக்தோஷ் பக்கவாட்டில் விழுந்து, நாலு காலும் விறைத்து உதறிக்கொண்டிருந்தான். வாயில் நுரை. அவன் அருகில் கடித்துக் குதறிய அட்டை. குழிகளை எண்ணினேன். காலையில் எட்டு மாத்திரை இருந்தது. நான் விழுங்கியது ஒன்று. ஏழும் காலி. அந்த மாத்திரை நரம்பைக் கெடுக்காமல் இருக்க எனக்கு தினம் ஒரு பி-சிக்ஸ் மாத்திரையும் கொடுப்பார்கள். அந்த அட்டை கடிபடாமல் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டையும் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். அவனைத் தூக்குவதற்கு முன்பு நான் செய்த காரியம் அது.

மாமியார் வந்தார். மாவுக் கையோடு அவனை வாரித் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். டாக்சியில் வழியெல்லாம் அவன் நுரையைத் தன் தலைத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என் ராசா, என் கறுப்பு ராசா, இந்தா வந்துருச்சு. ஏய் தம்பி, வண்டிய ஓட்டுறியா, மாடு மேய்க்கிறியா? மிதி!"

நாய் மருத்துவமனையில் டாக்டர் குல்பாரா மட்டும்தான் இருந்தார். வலிப்பை நிறுத்த ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்.

"வெளிய எதையாவது தின்னானா?"

"இன்னைக்கு வெளியவே கூட்டிட்டுப் போகல" என்றேன். அது உண்மைதான்.

"வீட்டுல யாராவது காசநோய் மாத்திரை சாப்பிடுறீங்களா? தெருவுல விஷம் வைக்கிறவங்க அதைத்தான் வைக்கிறாங்க. இதே மாதிரிதான் உதறும். அதுக்கு பி-சிக்ஸ் ஊசி இருக்கு. ஆனா எத்தனை மாத்திரை தின்னுச்சோ அந்த அளவுக்குப் போடணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அந்த மாத்திரை எங்க வீட்டுக்கு எப்படி வரும் டாக்டர்? எங்க வம்சத்துலயே அந்தச் சீக்கு கெடையாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் அட்டையின் விளிம்பு என் விரலில் குத்திக்கொண்டிருந்தது. "இல்ல" என்றேன்.

டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று பி-சிக்ஸ் ஒரு ஊசி மட்டும் போட்டார். மற்றபடி காக்காய் வலிப்பு, மூளைக் காய்ச்சல் என்று வேறு வழிகளில் தேடப் போய்விட்டார். நான் சுவரோடு நின்றேன். டாக்டர் எப்படியும் காப்பாற்றிவிடுவார், சொல்லாமலே பிழைத்துவிடுவான் என்று மனசு கணக்குப் போட்டது. இரண்டாவது வலிப்பு வந்தது. மூன்றாவதும் வந்தது. அது ஓய்ந்ததும், "அக்தோஷ்" என்று மெல்லக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. ஆனால் என் குரலுக்கு வால் மட்டும் மேசையில் ஒரு தட்டு தட்டியது.

அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். "ஏழு. ஏழு மாத்திரை. என்னோடது."

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரமா இதப் பாக்கெட்லயா வெச்சிருந்தீங்க? மனுஷிதானா நீங்க?" என்று கத்திக்கொண்டே பெட்டி பெட்டியாக மருந்துக் குப்பிகளை உடைத்தார். அவன் முன்னங்காலில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நாலாவது வலிப்பு வந்தது. அதோடு மூச்சு நின்றது. டாக்டர் வெகு நேரம் அவன் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். அந்த வெள்ளை மார்பு அதற்குப் பிறகு தானாக எழவில்லை.

தலைத்துணியில் சுற்றி, கட்டிடத்துக்குப் பின்னால் பாப்ளர் மரத்தடியில் புதைத்தோம். உறைந்த மண், கடப்பாறை இறங்கவில்லை. மாமியாரும் நானும் மாறி மாறிக் குத்தினோம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் துணிகளை ஒரு பையில் அடுக்கினேன். பிறந்த வீட்டுக்கு எந்தப் பேருந்து என்றுகூட யோசித்துவிட்டேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் வாசலில் நின்று.

"அம்மா வீட்டுக்கு."

"யார் போகச் சொன்னா?"

"நீங்க சொல்லப்போறீங்களே."

"நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே என் பதிலையும் நீயே சொல்லிக்குவியாடி? வந்து உக்காரு. மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. மன்னிக்கவே இல்ல."

உட்கார்ந்தேன். சன்னலைத் திறந்துவைத்தார். அலமாரியின் மூலையிலிருந்து விளிம்பு உடைந்த ஒரு நீலக் கோப்பையை எடுத்துக் கழுவி, டீ ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"இனிமே இது உன்னோடது. வேற எதுலயும் வாய் வைக்காத. கழுவித் தனியா வை. இன்னும் எத்தனை மாசம்?"

"மூணு."

"மூணு மாசம்" என்றார். வாசலில் கிடந்த அக்தோஷின் பையைப் பார்த்தார். "மூணே மாசம்தானாடி?"

வேறு எதுவும் நடக்கவில்லை. மெத்தையைக் கொளுத்தவில்லை, யாரும் என்னைத் துரத்தவில்லை. இந்த ஒரு தனிக் கோப்பைக்குப் பயந்துதான் அவன் உதறி உதறிச் சாவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றேன். ஆறுவதற்குள் குடி என்றார். குடித்தேன்.