பங்கு போடாத சிரிப்பு

அந்த நாடகக் கம்பெனியில் கருமிக் கிழவன் வேஷம் என்றால் அவள் புருஷன்தான். பணப்பெட்டியை வேலைக்காரன் தூக்கிக்கொண்டு ஓட, கிழவன் பித்துப் பிடித்துக் கண்டவர்களையெல்லாம் திருடன் என்று அலறும் கடைசிக் காட்சியில் கொட்டகையே குலுங்கும். வேலைக்காரன் வேஷம் அவள் கொழுந்தனுக்கு. அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். கதவிடுக்கில் தலையை நீட்டினாலே ஜனங்கள் சிரித்துவிடுவார்கள்.

கம்பெனியை நடத்திய அண்ணன்காரருக்கு அது பொறுக்கவில்லை. முதலில் தம்பியின் வசனத்தில் கை வைத்தார். பிறகு அவன் தடுக்கி விழும் இடத்தை எடுத்தார். சமையல்காரியாக நடித்த அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு சிரிப்பையும் விட்டுவைக்கவில்லை.

"உங்களுக்குக் கிடைக்காத சிரிப்பா? எங்களுக்கும் கொஞ்சம் விட்டுவையுங்களேன்" என்றாள்.

"ஆளாளுக்குச் சிரிக்க வச்சா, எனக்கு வந்தது எதுன்னு எப்படித் தெரியும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தாள். ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோ கேட்டுச் சிரித்ததற்கு, சாப்பிட்ட கையோடு எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டினாரே, அன்றோடு அந்த நினைப்புப் போயிற்று.

"அண்ணி, மேடையில மரக்கட்டையா நிக்கிறதுக்கு எனக்கு எதுக்கு வேஷம்?" என்று கொழுந்தன் ஒருநாள் மூட்டையைக் கட்டிவிட்டான். அதற்குப் பிறகு கூட்டம் கரைந்தது. வந்தவர்களும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

பாதி நாற்காலி காலியாகக் கிடந்த ஒரு மாலை, கடைசிக் காட்சியில் அவர் மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசைக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"வாயை இறுக்கி மூடியிருக்கியே, உள்ள என்ன வச்சிருக்கே? என்னோடதைக் குடுடா!"

அந்த ஆளின் உதட்டை விரலால் நெம்பினார். கொட்டகை வெடித்துச் சிரித்தது. நாடகத்தில் அப்படியொரு வசனம் இல்லை என்பது பக்கத் திரையோரம் நின்ற அவளுக்குத்தான் தெரியும்.

"திரையை விடுய்யா!"

"களை கட்டுற நேரத்துல என்னக்கா நீங்க?" திரைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அவளே சமையல்காரி வேஷத்தோடு ஓடினாள். அவளைப் பார்த்ததும் ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள். அவர் திரும்பினார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நீயும் எடுத்துட்டியா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கைதட்டல் ஓயவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அவரை அடக்கியது. சிரிப்புமில்லை, கோபமுமில்லை; சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கம்பெனியைக் கொழுந்தன் ஏற்று நடத்தினான், கிழவன் வேஷத்தையும் சேர்த்து. கொட்டகை மறுபடி நிறைந்தது. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வந்து அண்ணன் கட்டிலில் உட்காருவான்.

"சிரிக்கிறாங்களாடா?" என்று கேட்பார் அவர்.

"இல்லண்ணே. ஒருத்தர்கூடச் சிரிக்கிறதில்ல."

அன்றைக்கு மட்டும் அவர் தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். கொழுந்தன் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொள்வான்.