பெரியவருக்கு ஒரே ஓர் ஆள்

"அந்த ஒருத்தன் யாருடா? பேரச் சொல்லு! பேரே தெரியாத ஆளுக்காகக் கல்யாணத்த நிறுத்துவியா?"

"நிறுத்தலக்கா. தள்ளி வைக்கலாம்னுதான் சொன்னேன்."

"தள்ள வேண்டியது கல்யாணத்த இல்ல, அந்தத் தகரப் பெட்டிய!"

இவ்வளவும் எதிர்வீட்டிலிருந்து. கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் எங்கள் கட்டடத்தில் கதவுகள் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. நான் வாசலில் செருப்பு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று அது மிகவும் சுத்தமானது.

கத்தியவள் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிறவள். பகலெல்லாம் மெதுவாகப் பேசிச் சம்பளம் வாங்கிவிட்டு, மிச்சக் குரலை வீட்டுக்கு எடுத்துவருவாள். வாங்கிக்கட்டிக்கொண்டவன் அவள் தம்பி. கட்டடத்தில் அவனுக்குப் பெயர் பொட்டலம். நடுவில் வாயே திறக்காமல் இருந்தவர் அவள் புருஷன், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். வாழ்க்கையில் பிரேக்கை மட்டும் நம்புகிற மனிதர்.

பொட்டலம் என்ற பெயர் சும்மா வரவில்லை. அவன் ஒரு சின்ன சாப்ட்வேர் எழுதியிருந்தான். கம்ப்யூட்டரில் ஒரே போட்டோ இரண்டு இடத்தில் கிடந்தால் கண்டுபிடித்து ஒன்றைத் தூக்கிவிடும். உலகத்துக்கே இலவசம். ஆனால் எழுதியதை அப்படியே கொடுத்தால் அது வெட்டாத துணி மாதிரி, வாங்குகிறவர்தான் தைத்துக்கொள்ள வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் இவனே அளவாகத் தைத்து, எடுத்ததும் ஓடுகிற மாதிரி பொட்டலம் கட்டி இணையத்தில் போடுவான். ஒரு வகைக்குத் தைத்தது இன்னொரு வகைக்கு ஏறாது. சரி, தைத்ததைப் போட்டுப் பார்க்காமல் விடலாமா? கூடாதாம். ஆகவே வகைக்கொரு கம்ப்யூட்டர் அந்த வீட்டில் குடியேறியது. ஒன்று சமையலறை அலமாரியில், ஒன்று கட்டிலுக்கு அடியில், ஒன்று பால்கனியில் குடைக்குக் கீழே.

இவற்றுக்கெல்லாம் மூத்தவர் பெரியவர். ஏதோ ஒரு அலுவலகத்தை இழுத்து மூடியபோது வந்த, பீரோ உயரப் பெட்டி. அந்த வகையை இப்போது யாரும் செய்வதில்லை, செய்த கம்பெனியே இல்லை. பொட்டலத்தின் அறையில், அக்கா அறையை ஒட்டிய சுவரில் சாய்ந்து நின்று, கிளம்பப் பார்த்து மனம் மாறிய விமானம் மாதிரி இரவும் பகலும் உறுமிக்கொண்டிருப்பார். மிச்ச இடத்தில் பொட்டலம் முழங்காலை மடக்கித் தூங்குவான்.

தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவள் வீடு பார்க்க வந்தாள். சமையலறைப் பெட்டியைப் பார்த்தாள், பால்கனிப் பெட்டியைப் பார்த்தாள், சிரித்தாள். பெரியவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மத்ததெல்லாம் இருக்கட்டும். இவர் இருக்கிற ரூம்ல நான் எங்க இருக்கறது?"

"இவரை அனுப்ப முடியாதுங்க. ஒருத்தர் இருக்கார்."

புது வெர்ஷன் போடும்போதெல்லாம் மற்ற வகைகளை ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொள்கிறார்கள். பெரியவர் வகையை இறக்கிக்கொள்வது ஒரே ஓர் ஆள். இவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுவாராம். "மத்தவங்க ரெண்டு நாள் கழிச்சு மெதுவா வருவாங்க. அவரு காத்துக்கிட்டே இருக்காருங்க. எப்படிக் கைவிடறது?"

விஷயம் கட்டடத்தில் பரவியது. சிறையில் இருக்கும் கைதியாக இருக்கும் என்றார் லிப்ட் மெக்கானிக். கீழ்வீட்டுத் தையற்காரர் ஒரே போடாகப் போட்டார்: "ஆம்பளை எவன்யா இவ்வளவு கரெக்டா இருப்பான்? அது பொம்பளை." இந்தப் பேச்சு கண்ணாடிக்கடைக்கு எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. அன்று என் கண்ணாடியின் திருகு கழன்றதும் நான் அங்கே போனதும் தற்செயல்.

அவள் நேராக வந்து பொட்டலத்திடம் சொல்லிவிட்டாள்: "அடுத்த வெர்ஷன் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அந்த ஆள் யாருன்னு தெரியணும். இல்லன்னா பெட்டியா நானான்னு நீங்களே சொல்லிடுங்க."

அவன் தன் இணையப் பக்கத்தில் பெரியவர் வகைக்கு நேரே, "இதை இறக்கிக்கொள்பவர் தயவுசெய்து ஒரு வரி எழுதவும்" என்று போட்டான். ஒரு வரியும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுப்போம், கல்யாணத்தைத் தள்ளுவோம் என்றான். அதற்குத்தான் நான் மேலே சொன்ன சண்டை.

"அந்த ஆள் நாசமாப் போக!" என்று அக்கா சண்டையை முடித்துவைத்தாள்.

அடுத்த வெர்ஷன் நாள் வந்தது. எல்லாப் பொட்டலங்களும் கட்டியாயிற்று, இணையத்தில் ஏறியும் ஆயிற்று. அந்த நிமிஷம் பார்த்து, கோபம் தணியாத அக்கா வாஷிங் மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்ந்தாற்போலப் போட்டாள். டப்பென்று ப்யூஸ் போய், அறைகள் பக்கம் கரண்ட் நின்றது. பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கினார். பொட்டலம் கவலைப்படவில்லை. அவர் வேலை முடிந்துவிட்டதே. டீயோடு கூடத்தில் போய் உட்கார்ந்து, மடிக்கம்ப்யூட்டரில் எண்ணிக்கையைப் பார்த்தான். மற்றதெல்லாம் ஏறியது. பெரியவர் வகைக்குப் பூஜ்யம்.

டீ தீர்ந்தது. பூஜ்யம். மறுநாள் காலையிலும் பூஜ்யம்.

"போயிட்டார்க்கா."

"யாருடா?"

"அவர்."

அக்கா அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் கருநாக்கு! நான்தானே வாயில வெச்சேன்!"

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டடமே துக்கம் விசாரிக்கப் போனது. நானும் ஒரு பிஸ்கட் டப்பாவோடு போனேன். பொட்டலம் குளிக்காமல் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். வாத்தியாருக்குக் கண் இரண்டும் கோவைப்பழம். மச்சானுடைய ஆளுக்கு மனிதர் இப்படி உருகுகிறாரே என்று பேசிக்கொண்டோம்.

"வயசு என்ன இருக்கும்?" என்றார் லிப்ட் மெக்கானிக்.

"தெரியலைங்க."

"கொடுத்து வெச்சவர். படுக்கையில கிடக்காம போயிட்டார்."

"நல்லவங்களுக்குத்தான் இப்படி" என்றார் அவரைப் பொம்பளை என்ற அதே தையற்காரர்.

இந்த நேரத்தில் கண்ணாடிக்கடைப் பெண் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளிடம் கல்யாணப் பேச்செடுக்க அக்காவுக்கே மனம் வரவில்லை. எலக்ட்ரீசியன் வந்து ப்யூஸைப் போட்டார். உள்ளறையில் பெரியவர் முனகி, இருமி, உறுமத் தொடங்கினார். பழக்கதோஷத்தில் பொட்டலத்தின் விரல் எண்ணிக்கையைத் தட்டியது.

ஒன்று.

"வந்துட்டார்! உயிரோட இருக்கார்!"

அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். தையற்காரர் கைதட்டினார். லிப்ட் மெக்கானிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், வந்தது வீணாயிற்றே. கண்ணாடிக்கடைப் பெண் மட்டும் அறை வாசலில் நின்று, பெரியவர் நெற்றியில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"இது இப்ப என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லைங்க. விட்ட வேலைய எடுத்துக்கும். நாம இணையத்துல போட்டது சரியாப் போய்ச் சேர்ந்துச்சான்னு, அதுவே அங்கயிருந்து ஒரு தடவை இறக்கி ஓட்டிப் பாக்கும். நான்தான் ஆரம்பத்துல அப்படிப் பண்ணி வெச்சேன். எல்லாப் பெட்டியும் அப்படித்தா..."

அவன் வாய் திறந்தபடி நின்றது.

"எல்லாப் பெட்டியும் ஒண்ணு இறக்கும்னா, எண்ணிக்கையில ஒண்ணு ஏறுமா?"

"ஏறும். மத்த வகையில ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணாக் கலந்துடும்."

"இவரோடதுல?"

ஒன்றே இரண்டாகக் கிடந்தால் கண்டுபிடிக்கும் சாப்ட்வேர் எழுதியவன், தன் படுக்கை ஓரத்தில் நின்ற ஆளை உலகமெல்லாம் தேடியிருக்கிறான்.

"அப்ப நான் யாருக்குடா அழுதேன்?" என்றாள் அக்கா.

கூட்டம் கலைந்தது. என் பிஸ்கட் டப்பாவை யாரும் திருப்பித் தரவில்லை.

கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டி, திருகு மறுபடி கழன்றதால் கடைக்குப் போனேன். அவள் திருகை முடுக்கியபடியே சொன்னாள்: "யாருன்னே தெரியாத ஆளுக்குச் சாப்பிடாம உக்காந்திருந்தார் ஆன்ட்டி. எனக்கு ஒரு ஜுரம் வந்தா என்ன செய்வார்னு பாக்க ஆசையா இருக்கு. ஆனா பெட்டி போகணும்."

பொட்டலம் தலையாட்டினான். பெரியவர் வகைக்கு இனிமேல் பொட்டலம் கிடையாது என்று இணையப் பக்கத்தில் அறிவித்து, அவர் இணைப்பைப் பிடுங்கினான். அடுத்த வாரம் பழைய இரும்புக்காரர் ஆட்களோடு வந்தார். அப்போது வாத்தியார் கையை விரித்து வழியை மறித்தார். அவர் எதற்கும் முந்திக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

"எடுக்காதீங்க. அந்தச் சத்தம் நின்னதுலேருந்து எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல."

அந்தச் சுவரில்தான் அவர் தலைமாடு. இத்தனை வருஷமும் பெரியவர் தாலாட்டில் தூங்கியிருக்கிறார். துக்கவீட்டில் கண் சிவந்திருந்த கதை அப்போதுதான் விளங்கியது.

கல்யாணம் நடந்தது. பொட்டலத்தின் அறையில் இப்போது முழு நீளக் கட்டில். அக்காவும் வாத்தியாரும் அவர் வண்டி பழக்கும் மைதானத்துப் பக்கம் வீடு மாறிப் போனார்கள். லாரியில் பீரோவுக்கு முன்னால் ஏறியது பெரியவர். சும்மா ஓடினால் உறுமல் போதவில்லை என்று வாத்தியார் குறைப்பட்டதால், பொட்டலம் அறிவிப்பை எடுத்துவிட்டு, இங்கிருந்தபடியே அவரைத் தைக்க வைக்கிறான். வெர்ஷனுக்கு ஒன்று தவறாமல் ஏறுகிறது.

அக்கா எனக்குப் போன் பண்ணும்போதெல்லாம் இதே பாட்டுத்தான்: "தம்பிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சேன், எனக்கு வீட்டோட மாமனார் வந்து சேர்ந்தார்."