ஓட்டை விழுந்த கரியடுப்பும் பேசாத அண்ணன் தம்பியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கால் கட்டைவிரலில் பிறந்தது. கண்டனூரில் ஒரு கல்யாண வீடு. கறி வாசனையைப் பிடித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனவன், மூலையில் கிடந்த இரும்புக் கரியடுப்பில் இடித்துக்கொண்டேன். விரல் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. (என் மனைவி நெல்லிக்காய் என்கிறாள். அவள் கதை எழுதுவதில்லை.)

"இது யாருது?" என்றேன்.

"அதை மட்டும் கேக்காதீக" என்று நகர்ந்துவிட்டார் பந்தி பரிமாறுகிறவர்.

பென்ஷன் வாங்கிச் சும்மா இருப்பவனுக்கு இது போதாதா? மிச்சத்தை நானே சமைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘1967ஆம் வருஷம். கண்டனூரில் சூரியன் மெல்ல மெல்ல…’

வேண்டாம். கண்டனூர்ச் சூரியன் எதையும் மெல்லச் செய்ததில்லை.

இரண்டாம் முயற்சி: மெய்யநாதன் அடுப்பைத் தூக்கினார், அடித்தகடு மட்டும் தரையிலேயே தங்கிவிட்டது.

இது இருக்கட்டும்.

மெய்யநாதனின் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) மலாயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த அடுப்பு. நாலு கால், கரி போட ஒரு தொட்டி, மேலே கம்பித் தட்டு. அதில் காடை சுட்டால் ராமேஸ்வரம் ரயில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் புறப்படும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானதும் மகனை ‘வேறு வைத்து’விடுவார்கள்: ஒரே வீடு, தனி உலை, தனி உப்பு. அப்படித்தான் மெய்யநாதனும் தம்பி சத்தியமூர்த்தியும் வளவு என்கிற நடுமுற்றத்தின் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகப் பொங்கித் தின்றார்கள். அப்பச்சி பங்கு வைக்காமல் விட்டுப்போனது இந்த அடுப்பு ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு குடும்பமும் இதைச் சுற்றி உட்காரும்.

3

[இங்கே ஒரு சண்டை வேண்டும். சொத்துத் தகராறு என்று எழுதி அடித்துவிட்டேன். அது எல்லா வீட்டிலும் இருக்கிறது.]

பிள்ளையார்பட்டியில் ஓர் அறுபதாங் கல்யாணம். பந்தியில் முதல் இலை தம்பிக்குப் போய்விட்டது. அண்ணன் பேச்சை நிறுத்தினார். தம்பியும் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைக் காடையை யார் நிறுத்துவது? ஆகவே இருவரும் அடுப்பிடம் பேச ஆரம்பித்தார்கள்.

"அடுப்பே, இன்னைக்கு உப்புத் தூக்கல்னு சிலபேருக்குத் தெரியல."

"அடுப்பே, நாக்குச் செத்தவுகளுக்கு எல்லாமே தூக்கலாத்தான் இருக்கும்."

"அடுப்பே, அந்தத் தொடையை அவனுக்கு வையி. காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சிருக்கான்."

அப்பேர்ப்பட்ட அடுப்புக்குத்தான் அடி கழன்றுவிட்டது. மெய்யநாதன் கழன்ற தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காடைக்காக என்று நீங்கள் நினைத்தால் அவர் மறுக்க மாட்டார்.

"புதுசு ஒண்ணு வாங்குறதுதானே?" என்றாள் மனைவி தேனம்மை.

"வாங்குனா நம்ம உலைச் சாமானாயிரும். அண்ணன் வீட்டு அடுப்புல அவன் வந்து உக்காருவானா?"

"அப்ப இதையே ஒக்கிட்டுச் சரிபண்ணுங்க."

"பொதுச் சாமானை அவனைக் கேக்காமத் தொடலாமா?"

"கேளுங்களேன்!"

"எதுகிட்டச் சொல்லிக் கேக்க? அதுதான் ஒடைஞ்சு கிடக்கே!"

4

தேனம்மை மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு சூட்டிகையானவள் நேரே கொழுந்தனிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டாளா? முந்தைய பிரதியில் சொல்லிவிட்டாள். கதை அரைப் பக்கத்தில் செத்துப்போனது. அதனால் அவளை ஒக்கூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மன்னிக்கணும் ஆச்சி.

கேட்க ஆளில்லாத மெய்யநாதன் மதுரைக்குப் போய், புது அடுப்பு ஒன்றை பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார். பழசை எங்காவது ஒளித்துவைத்து, இதை அதன் இடத்தில் போட்டுவிட்டால் தம்பிக்கு வித்தியாசம் தெரியாது என்று கணக்கு. (புதுசு பச்சைப் பெயிண்ட் அடித்தது. பாசம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று என்னிடம் இல்லை.)

வந்து பார்த்தால் பழசைக் காணோம்.

தனி உலை வைத்துப் பழகிய வீடு. ஒரு பக்கம் என்ன வேகிறது என்று மறுபக்கம் கேட்பதில்லை. சத்தியமூர்த்தியும் தன் பாட்டுக்கு அடுப்பைக் கொல்லர் ஏகப்பன் பட்டறைக்குத் தூக்கிப்போய், புதுத் தகடு வைத்து ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைச்சுமையாகவே கொண்டுவந்தார்.

வளவில் இரண்டு அடுப்பு. இரண்டு ஆள்.

தம்பி பெண்டாட்டி சாலா எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி! இனி ஆளுக்கொரு அடுப்பாச்சா?"

மெய்யநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரிக்காமல் கிடந்த ஒரே சாமானையும் பிரித்தாயிற்று.

5

முடிவு அ: அண்ணன் புது அடுப்பைக் கிணற்றில் வீசுகிறார். (குடிதண்ணீர்க் கிணறு. சாலா கொன்றுவிடுவாள்.)

முடிவு ஆ: அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து ஓவென்று… எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு இ: ஆளுக்கொரு பக்கம் பற்றவைக்கிறார்கள், புகை மட்டும் நடுவானில் ஒன்றாகி… நன்றாக வருகிறது. நன்றாக வருவதால் நம்பிக்கை வரவில்லை.

நடக்கக்கூடியது இவ்வளவுதான்: வழக்கம்போலக் கரி அண்ணன் கையில். மசாலா தடவிய காடை தம்பி கையில். எந்த அடுப்பிலும் தனியாக யாரும் சுட முடியாது.

மெய்யநாதன் தொண்டையைச் செருமினார். இரண்டு அடுப்பையும் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார்.

"எதுலப்பா போட?"

பதில் சொல்ல வேண்டியவர் சத்தியமூர்த்தி. அங்கேதான் எனக்குப் பேனா ஓடவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. உங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தால் அந்த ஒரு வரியை எழுதிக்கொடுங்கள். அவசரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மனுஷர் கரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார்.