தியாகராஜனின் லெவல்

தியாகராஜனுக்குக் கடவுள் வாயைக் கொடுத்த தாராளத்தில் பாதிகூடக் காதுக்குக் காட்டவில்லை என்பது துஷ்யந்தியின் கணிப்பு. பதினோரு வருடமாக மேடை நிகழ்ச்சிகளுக்கு இண்டர்காம் போடுகிறவள் அவள். யார் பேசுவது யார் காதில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய பிழைப்பு. ஆகையால் இந்த மாதிரிக் கணிப்புகளைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது, அல்லது இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பினாங்கில் இன்னும் யாருக்கெல்லாம் விருது கொடுக்காமல் விட்டுப்போனதோ அவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிடுவது என்று ஒரு சங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஜார்ஜ்டவுன் அரங்கம் ஒன்றில் விழா. இணையத்தில் நேரடி ஒளிபரப்பு வேறு. அதற்காக அரங்கத்துக்குப் பின்னால் இருந்த குறுகலான சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒளிபரப்பு வேன் நின்றது. வேனுக்குள் இயக்குநர் தியாகராஜன், நாலு டிவித் திரைகளுக்கு முன்னால். அரங்கத்துக்குள் மேடை நிர்வாகி நோர்மா, விளக்குப் போடுகிறவர்கள், மோட்டார் இயக்குகிற அஸ்ஹர்.

வேனில் இருந்த இண்டர்காம் ஒரு ரகம், அரங்கத்தில் இருந்தது வேறு ரகம். ஒன்றோடு ஒன்று நேராகப் பேசாது. கல்யாணத் தரகர் மாதிரி நடுவில் ஓர் இன்டர்ஃபேஸ் பெட்டி உட்கார்ந்து இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெட்டியைப் பார்த்துக்கொள்வது துஷ்யந்தியின் வேலை. மேடைக்கு ஒட்டினாற்போல், துடைப்பமும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைத்திருந்த அறையில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். மேடையைப் பார்ப்பதற்கென்று அவளுக்கு ஒரு சின்ன டிவி தருவதாகப் பேச்சு இருந்தது. அதை விருது வாங்குகிறவர்கள் டீ குடிக்கிற அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெட்டியின் முகப்பில் மீட்டர் என்று இரண்டு வரிசைச் சின்ன விளக்குகள். மேல் வரிசை வேனிலிருந்து வருகிற குரலின் லெவலைக் காட்டும், கீழ் வரிசை அரங்கத்திலிருந்து போகிற குரலைக் காட்டும். மனிதர் மாதிரிப் பேசினால் பச்சை எரியும். கொஞ்சம் அழுத்திப் பேசினால் மஞ்சள். கத்தினால் சிவப்பு. விளக்கு காட்டுவது உள்ளே வந்து சேர்வதை மட்டும்தான். அதில் எவ்வளவை மறுபக்கம் விடுவது என்பது பக்கத்திலிருக்கும் குமிழைப் பொறுத்தது. அதாவது துஷ்யந்தியின் விரலைப் பொறுத்தது.

தியாகராஜன் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டுதான் பேசுவார். 'லைட் போடு' என்பார். லைட் அதற்கு முன்பே எரிந்துகொண்டிருக்கும். 'ஆட்டக்காரப் பிள்ளைங்க வரட்டும்' என்பார். பிள்ளைகள் ஆடி முடித்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தன்னுடைய விளக்கு சிவப்பில் நின்றால்தான் அவருக்கு மரியாதை. கோலாலம்பூரில் பத்து வருடம் டிவியில் இருந்தவராம். அங்கே எல்லாருக்கும் காது மந்தமாகிப் போய்த்தான் இவரைத் தீவுக்கு அனுப்பிவைத்தார்கள் என்று துஷ்யந்தி நினைத்துக்கொண்டாள். அவளுடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த வழி. அவள் வீட்டில் கத்திப் பேசுகிறவனை ஆள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும், அந்தத் தாமரை மட்டும் இல்லாவிட்டால்.

விழாவின் கடைசி நடனத்தில் பன்னிரண்டடி உயரத்திலிருந்து ஒரு பைபர் தாமரை இறங்கும். அதன் நடுவில் பிரியந்தி நிற்பாள். புக்கிட் மெர்தாஜாமில் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்க்கிற பெண் அவள். சனி ஞாயிறுகளில் ஆடுவாள். பின்பக்கம் இரண்டு இரும்புத் தூண், அவற்றைப் பிடித்துக்கொண்டு தாமரை மேலும் கீழும் போகும். மோட்டார், ஜுரு என்கிற ஊரில் தொழிற்சாலைகளுக்குப் பாரம் தூக்க வாடகைக்கு விடுகிற சாமான். அதோடு வந்தவன்தான் அஸ்ஹர். அவனுக்கு அவன் நிற்கிற இடத்திலிருந்து தாமரையின் அடிப்பாகம்தான் தெரியும். காதில் 'இறக்கு' என்றால் இறக்குவான், 'நிப்பாட்டு' என்றால் நிறுத்துவான். அந்தப் பெண்ணின் உயிர் அவன் காதில் போட்டிருந்த ஹெட்செட்டில் இருந்தது.

சனிக்கிழமை ஒத்திகையில் தாமரை லேசாகச் சாய்ந்தது. நோர்மா பதறாமல், எப்போதும் பேசுகிற குரலில், நிறுத்தச் சொன்னாள். தாமரை நிற்கவில்லை. இரண்டாவது தடவை சொன்ன பிறகு நின்றது. துஷ்யந்தி ஓடிப்போய் அஸ்ஹரின் இடுப்பில் தொங்கிய பெட்டியைப் பார்த்தாள். சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தான். அந்த இயக்குநர் கத்துவது காதுக்குள் ஆணி அடிப்பதுபோல இருக்கிறது, வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். விளக்குப் பையன்களும் அதையேதான் செய்திருந்தார்கள். ஒருவர் கத்துவதால் எல்லாரும் சத்தத்தைக் குறைக்க, மெதுவாகப் பேசுகிறவள் சொல்வது யாருக்கும் எட்டவில்லை. பெட்டியில் எல்லா விளக்கும் ஒழுங்காகத்தான் எரிந்தது.

துஷ்யந்தி வேனுக்குப் போய் தியாகராஜனிடம் விவரத்தைச் சொன்னாள். கொஞ்சம் குறைத்துப் பேசினால் நல்லது என்று பணிவாகவே சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவனுக்குக் கேட்கலைன்னா நான் இன்னும் சத்தமா சொல்றேன்லா, அதுல என்ன பிரச்சினை?" என்றார். அப்புறம், "தங்கச்சி, நீ நாப் திருகுற ஆளு. ஷோ நடத்துறது நான்" என்றார்.

வேனுக்குள் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

நாப் திருகுகிற ஆள் திரும்பி வந்தாள். மறுநாள் விழாவுக்கு முன் அஸ்ஹரின் பெட்டியில் சத்தத்தைப் பாதிக்கு ஏற்றி, குமிழின்மேல் டேப் ஒட்டினாள். இதைத் தொடாதீர்கள், இனிக் காது வலிக்காது, அதற்கு நான் பொறுப்பு என்றாள். அவனும் நம்பித் தலையாட்டினான். பிறகு தன் அறைக்கு வந்து வேனிலிருந்து வருகிற குரலின் குமிழைக் குறைத்தாள். நியாயமாக, மற்றவர்கள் குரலோடு சமமாகிற இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த இடம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அங்கே ஒரு கணம் விரல் நின்றது. வேனுக்குள் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. மிச்சத்தையும் திருகினாள், குமிழ் அடியில் போய் முட்டியது.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை மணி நேரம்தான் அவள் வாழ்க்கையிலேயே மிகவும் ரசித்து வேலை செய்த நேரம். ஹெட்செட் போட்டவருக்குத் தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், அது வேனுக்குள்ளேயே சுற்றி வருவது. கேமராக்காரர்களும் வேனின் இண்டர்காமில் இருந்ததால் அவர் சொன்னதற்கெல்லாம் ஆடினார்கள். ஆகவே தியாகராஜனுக்குச் சந்தேகமே வரவில்லை. அரங்கத்திலிருந்து நோர்மா விளக்குக்குச் சொல்வதும், திரைக்குச் சொல்வதும் அவர் காதில் விழுந்தது. தன் உத்தரவுப்படிதான் அவள் சொல்கிறாள் என்று நம்பியிருப்பார். பதிலுக்கு இடம் விட்டுப் பேசுகிறவராக இருந்தால் பதில் வரவில்லை என்பதாவது தெரிந்திருக்கும். அவர் எங்கே இடம் விட்டார்? மேல் வரிசை சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று துடித்துக்கொண்டிருந்தது. அரங்கத்து லைனில் அமைதி. நோர்மா பேசினாள், மற்றவர்கள் கேட்டார்கள், விழா எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. இயக்குநர் இல்லாத விழா எவ்வளவு நன்றாக நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி என்று துஷ்யந்திக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் என்ன கத்துகிறார் என்று கேட்க வேண்டுமென்றால் பெட்டியில் ஒரு பட்டன் இருந்தது. அதை அவள் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. ஊமைப் படம் பார்ப்பதுபோல அந்த விளக்கையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நடனம் தொடங்கியது. சுவர் வழியாக மத்தளம் கேட்டது. நோர்மா, "இறக்கு" என்றாள். தாமரை இறங்கத் தொடங்கியதை அஸ்ஹர் சொன்னான்.

மேல் வரிசையில் சிவப்பு எரிந்தது. இதுவரை துடித்ததுபோல இல்லை. ஒரே அளவில் விட்டு விட்டு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல எரிந்தது. அவள் எண்ணினாள். ஆறு. ஏழு. தாமரையைத் தானே வாயால் இறக்குகிறார்போல என்று நினைத்துச் சிரித்தாள். எட்டு.

அப்புறம் விளக்கு அணைந்தது.

இரண்டு நாளில் அது ஒரு மூச்சுக்கு மேல் அணைந்ததே இல்லை. துஷ்யந்தி காத்திருந்தாள். பச்சைகூட இல்லை. கேட்கிற பட்டனை அழுத்தினாள். வெறும் வேனின் இரைச்சல். குமிழை நோக்கிக் கை போவதற்குள் அறை வாசலைக் கடந்து தியாகராஜன் ஓடினார். தொந்தி குலுங்க, ஒரு காலில் செருப்பு இல்லாமல், ஹெட்செட் இல்லாமல், "நிப்பாட்டுடா, நிப்பாட்டு" என்று வெறும் தொண்டையில் கத்திக்கொண்டு மேடைப்பக்கம் ஓடினார்.

மோட்டார் நின்றது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

மேடையோரம் வைத்திருந்த காற்றாடியின் காற்றில் பிரியந்தியின் நீளத் துப்பட்டா பறந்து பின்தூணில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டில் மாட்டியிருக்கிறது. தாமரை இறங்க இறங்க அது அவள் கழுத்தை இறுக்கியிருக்கிறது. நோர்மாவுக்கு இதழ்கள் மறைத்தன. மாடியில் நின்ற கேமராவின் திரையில்தான் அது தெரிந்தது, அந்தத் திரையைக் கவனித்தவர் தியாகராஜன் ஒருவர்தான். 'நிப்பாட்டு' என்று அவர் கத்தியது கேமராக்காரனுக்குக் கேட்டது; தன்னைத்தான் சொல்கிறார் என்று அவன் கேமராவை ஆடாமல் பிடித்துக்கொண்டான். பிரியந்தி இரண்டு கையாலும் துப்பட்டாவைக் கிழித்துக் கழுத்தை விடுவித்துக்கொண்டு, பிடிமானம் போய், ஆள் உயரத்திலிருந்து மேடையில் விழுந்தாள். கூட்டம் அதையும் நடனம் என்று நினைத்துக் கைதட்டியது.

திரையைப் போட்டார்கள். பிரியந்தியை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, ஒடிந்த கையைத் துண்டில் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள் நோர்மா. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. சங்கச் செயலாளர் சிவநேசன், விருது கொடுக்கிற சிரிப்பு முகத்தில் பாதி ஒட்டியிருக்க, யார்மேல் பழியைப் போடுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். சட்டையில் கிரீஸ் இருந்தவன் அகப்பட்டான்.

நேற்றும் நீதானே நிறுத்தவில்லை, நேற்றே உன்னை அனுப்பியிருக்க வேண்டும் என்று அஸ்ஹரைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் பினாங்கில் எந்த மேடையிலும் உனக்கு வேலை கிடையாது, அதற்கு நான் பொறுப்பு என்றார். அஸ்ஹர் இடுப்புப் பெட்டியைக் கழற்றி நீட்டினான். டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை, வந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

தியாகராஜனுக்கு மூச்சு வாங்கியது. தொண்டை கட்டிக் குரல் பிசிறாகத்தான் வந்தது. அந்த நேரத்திலும் மனிதர் தன் பெருமையை விடவில்லை. நான் எட்டுத் தடவை சொன்னேன், என் குரல் இந்த ஊருக்கே கேட்டிருக்கும், இவன் தூங்கியிருக்கிறான் என்றார். பிறகு வாசலில் நின்ற துஷ்யந்தியைப் பார்த்தார்.

"தங்கச்சி, மீட்டர் பார்த்தது நீ. என் லெவல் வந்துச்சா இல்லையா, நீயே சொல்லு."

அவரை அவமதித்துப் பேச இரண்டு நாளாக அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. இப்போது அவர் ஒற்றைச் செருப்போடு, வேறு சாட்சி இல்லாமல், அவளை நம்பி நின்றார். இன்னொரு பக்கம் அஸ்ஹரும் அவளைத்தான் பார்த்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஜுருக்காரன் தலையில் எல்லாம் போய்விடும். பெட்டியை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. குமிழை ஏற்றிவிட ஒரு விநாடி ஆகும். இத்தனையும் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வந்துச்சு அண்ணே. சிவப்பு வரைக்கும் வந்துச்சு" என்றாள். "நான்தான் வெளிய விடலை. விழா தொடங்குறதுக்கு முன்னாடியே அடி வரைக்கும் குறைச்சு வெச்சுட்டேன். அஸ்ஹர் மேல தப்பு இல்லை. அவருக்கு எதுவுமே போகலை."

தியாகராஜனுக்கு அது சட்டென்று விளங்கவில்லை. ஒன்றரை மணி நேரமாகத் தான் நடத்திய விழாவை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பார். முகம் தளர்ந்தது. சிவநேசன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நோர்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏன்மா?" என்றார் தியாகராஜன். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

நோர்மாவின் குரல் எடுபடவில்லை, பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று சொல்லலாம். பாதி உண்மைதான். அந்தப் பாதிக்குக் குமிழைப் பாதி திருகியிருந்தால் போதும்.

"உங்க சத்தம் எனக்குப் பிடிக்கலை" என்றாள்.

பிரியந்தி நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கண் மையெல்லாம் கன்னத்தில் வழிந்திருந்தது.

"அதுக்காகவா அக்கா?"

"ஆமா" என்றாள் துஷ்யந்தி.

யாரும் அவளைத் திட்டவில்லை. சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைய இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தியாகராஜன் வேனை எடுக்கச் சொல்வதற்காக ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வெளியே போனார்.