கை தூக்கும் மேசை

விடிவதற்கு முன்பே எங்கள் விரல்கள் செத்துவிடும். ஐஸ் குவியலுக்குள் கையை விட்டு இறாலை எடுக்க வேண்டும், தலையைக் கிள்ள வேண்டும், ஓட்டை உரிக்க வேண்டும், முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை உருவி எறிய வேண்டும். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் மெல்லிய உறை, தலையில் தொப்பி, வாயில் துணி. மூடாமல் விட்டது கண் ஒன்றுதான். குளோரின் தண்ணீர் அதையும் சும்மா விடாது. வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. "தெருப் பூனையெல்லாம் உன் பின்னாடியே வருதே, சம்பந்தம் பேசவா?" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த நாற்றத்தில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. உழைப்பவள் மேல் உழைப்பின் வாடைதான் வரும். நான் சொல்ல வந்தது வேறொரு நாற்றம். அதற்கு முதலாளி வாசனைத் தண்ணீர் தெளிக்கப் பார்த்தார்.

எங்கள் ஆலையில் இரண்டு சட்டம் உண்டு. அழுக்கு எதுவானாலும் அந்த நொடியே குளோரினில் கழுவிவிட வேண்டும். இன்னொன்று, எவள் கையிலாவது கத்தி பட்டு ரத்தம் வந்தால் மேசையில் இருக்கிற அத்தனை பேரும் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போடும்வரை ஒருத்தியும் கையை இறக்கக்கூடாது. இறால் தின்கிறவர்களுக்கு எங்கள் ரத்தம் ஆகாதாம். வியர்வை எவ்வளவு கலந்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது.

மேசையில் என் ஜோடி வாயாடி. நான் ஓட்டை உரிப்பேன், அவள் குடலை எடுப்பாள். சின்னப் பெண். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். "இந்த இறாலுக்குக்கூட மூளை தலையிலதான்க்கா. நம்ம மேனேஜருக்கு எங்க இருக்குன்னுதான் தெரியல" என்பாள். மேசையே குலுங்கிச் சிரிக்கும்.

உரித்ததை எடை போடுகிறவனைத் தராசு என்று கூப்பிடுவோம். தட்டை வாங்கும்போது விரலையும் சேர்த்துத் தடவுவான். கையை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு எடை குறையும். த்தூ!

ஒரு நாள் தட்டு எடுத்து வரச் சொல்லி வாயாடியைக் குளிர் அறைக்கு அனுப்பினான். பின்னாலேயே போனான். அந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடி உடைந்து வெகு நாளாகிறது; பலமாய்த் தள்ளினால்தான் திறக்கும். அவள் வெளியே வந்தபோது தலையில் தொப்பி இல்லை, சட்டை கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். அவளைப் பார்த்ததுமே எங்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவன் பின்னாலேயே வந்து எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அடுத்த தட்டு" என்றான்.

எங்கள் மேசைக்கு மூத்தவள் குளோரின் அக்கா. கையில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் விரட்டிக் கழுவ வைப்பாள். அதனால் வந்த பெயர். அவள்தான் வாயாடியை ஓடிப்போய்த் தாங்கினாள். "அந்த நாயோட அழுக்கு உன் மேல இருக்கக்கூடாதும்மா" என்று அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினாள். கிழிந்த துணியைக் குளோரினில் முக்கி முக்கி அலசினாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. நாங்களும் சுற்றி நின்று வாளி வாளியாய்க் கொடுத்தோம்.

மறுநாள் முதலாளி அறையில் போய் நின்று நடந்ததைச் சொன்னோம்.

"ஆதாரம் என்னம்மா இருக்கு? அந்தத் துணி எங்க?"

"துவைச்சிட்டோங்க" என்றாள் அக்கா.

அந்த மனிதர் சிரித்தார். "துவைச்சாச்சுல்ல? அப்புறம் என்ன, போய் வேலையைப் பாருங்க."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

நாங்கள் நகரவில்லை என்றதும் முதலாளிக்குத் திடீரென்று இரக்கம் பொங்கிவிட்டது. "சரி, கம்பெனி செலவுலயே கவுன்சிலிங் ஏற்பாடு பண்றேன்" என்றார். வந்தவர் அவருடைய மைத்துனர். விற்பனை ஆட்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். வாயாடியோடு நானும் போனேன். உள்ளே மெத்தை நாற்காலியில் தராசு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க" என்றார் மைத்துனர். "மறப்போம், மன்னிப்போம். மொதல்ல ஒரு சின்ன சிரிப்பு, எங்க?"

வாயாடி வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அதையும் துடைக்கச் சொன்னார்கள், நான்தான் துடைத்தேன். அன்றோடு அவள் பேச்சு நின்றது. பக்கத்தில் நின்று குடல் உருவுவாள், வாய் மட்டும் திறக்காது. எங்கள் மேசை இழவு வீடானது.

என் நாத்தனார் அரசு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். "அண்ணி, இப்படி அடிபட்ட பொண்ணுங்களுக்குன்னே பின்கட்டுல ஒரு மையம் இருக்கு. கூட்டிட்டு வாங்க" என்றாள். விடுமுறை நாளில் போனோம். சின்ன அறை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடம். அங்கே இருந்த ஆலோசகர் அம்மா எழுந்து நின்று, முதலில் கேட்டது இதுதான்:

"கதவைத் திறந்து வைக்கவா, சாத்தவா? நீ சொல்றபடி செய்யலாம்."

வாயாடி அவர் முகத்தையே பார்த்தாள். "திறந்து" என்றாள். பல நாள் கழித்து நான் கேட்ட அவள் குரல். எந்த நாற்காலி வேண்டும், கூட வந்த நான் உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா, எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார். நடந்ததைச் சொல்லு சொல்லு என்று தோண்டவில்லை. "புகார் குடுக்கிறதா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணணும். எதுன்னாலும் நாங்க கூட இருப்போம்" என்றார்.

துணியைத் துவைத்துவிட்டதை நான் சொன்னேன். "பாசத்துல செஞ்சிருக்கீங்க, அதுக்காக யாரும் குமைய வேணாம். ஆனா வேற யாருக்காவது இப்படின்னா குளிக்காம, துவைக்காம நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க. இப்பவும் ஒண்ணும் முடிஞ்சுபோகல. அவ வெளிய வந்த கோலத்தை நீங்க எல்லாரும் பார்த்தீங்கல்ல? அதுவும் சாட்சிதான்."

அவர் அங்கே வருவது புதன்கிழமை காலைகளில். அன்றைக்கு எங்களுக்காகவே வந்திருந்தார். இனி வாராவாரம் புதன் காலை வரச் சொன்னார். வாயாடி போய் முதலாளியிடம் கேட்டாள்.

"புதன்கிழமை போறவ வியாழக்கிழமை வர வேண்டாம்" என்றார் அவர்.

உடைமாற்றும் அறையில் அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "வேணாம்க்கா. வேலை போச்சுன்னா அம்மாவை யாரு பாக்குறது? நான் போகல."

மூலையிலிருந்து ஒருத்தி, "என் விரலையும்தான் தடவுறான்" என்றாள். "என்னையும்" என்றாள் இன்னொருத்தி. அடுத்த மேசைக்காரி விசும்பினாள். இத்தனை நாள் ஒவ்வொருத்தியும் தனித்தனியாய் விழுங்கி வைத்திருந்தது அது.

குளோரின் அக்கா எழுந்தாள். "கழுவுற சட்டத்தை நம்பி மோசம் போயிட்டேன். இன்னொரு சட்டம் இருக்குல்ல? அதையும் ஒரு கை பார்த்துடலாம்" என்றாள்.

புதன் விடிந்தது. ஐஸ் கொட்டினார்கள், இறால் கொட்டினார்கள், நாங்கள் உரித்துக்கொண்டிருந்தோம். வாயாடி கிளம்ப வேண்டிய நேரம் வந்ததும் அக்கா, "வெட்டு!" என்று கத்தினாள். எங்கள் மேசையில் எல்லாக் கையும் மேலே போனது. அடுத்த மேசை தூக்கியது, அதற்கடுத்தது தூக்கியது. கத்திகள் விழுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம்தான்.

முதலாளி ஓடி வந்தார். "யாருக்கு வெட்டு? ரத்தம் எங்க?"

"எங்க ஆள் ஒருத்திக்குங்க" என்றாள் அக்கா. "குளிர் அறையில பட்டது. இன்னும் கட்டுப் போடல. போடாம கை இறங்கக்கூடாது, நீங்க போட்ட சட்டம்தான்."

"விளையாடுறீங்களா? சரக்கு கெடுதுடி!"

"கெடுது. உங்களுக்கு இப்பதான் பதறுது. அவனை வெளிய அனுப்புங்க. இவளைப் போக விடுங்க."

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. நாளைக்கு உரிக்க உங்க மைத்துனர் வருவாரா?" என்றேன் நான். எங்கேயோ ஒருத்தி சிரித்தாள். தராசு எடை போட ஒன்றுமில்லாமல் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலாளி வாயாடி பக்கம் விரலை நீட்டினார். "நீ வாசலைத் தாண்டினா வேலை கிடையாது. சொல்லிட்டேன்."

அவள் உறையைக் கழற்றினாள், தொப்பியைக் கழற்றினாள். அவரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேன்க்கா" என்றாள். "என் கத்தியை யாரும் எடுக்காதீங்க. எடுத்தவளோட குடலை உருவிடுவேன்."

கதவைச் சாத்தாமல் போனாள். வெயில் உள்ளே வந்து ஈரத் தரையில் விழுந்தது. முதலாளி எங்கேயோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். போலீஸை அழைக்கிறாரோ, புது ஆட்களை அழைக்கிறாரோ, தெரியவில்லை. தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. அவள் கத்தி மேசையில் அவள் இடத்திலேயே கிடந்தது. ஒருத்தியும் கையை இறக்கவில்லை.