நாலாம் நம்பர் படகின் வரிசை

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்ச் சேர்ந்து, அதன் விலாவில் தொங்கும் ஏணிப்படியைப் பிடித்து ஏற வேண்டும். வேம்பு அப்படி ஏறியபோது அவளுக்கு முன்னால் ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். மேல்படியில் நின்று மூச்சு வாங்கியவர் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நீ எங்கே இங்கே?"

"பினாங்குக்குங்கய்யா. அண்ணன் மவ கல்யாணம். அண்ணன் டிக்கெட் எடுத்து அனுப்பிச்சிருக்கு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி அபயாம்பாளைக் கூட்டிக்கொண்டு கேபின் பக்கம் போய்விட்டார்.

அவர் ராஜகோபாலன். மன்னார்குடிக்குத் தெற்கே நெடுவாய்க்கால் கிராமத்தின் மிராசுதார். சிங்கப்பூரில் டாக்டராக இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். வேம்பு அதே ஊரில் அவர் வயலில் நாற்று நட்டவள். அவளுடைய அம்மா அவரை 'ஆண்டே' என்று கூப்பிட்டாள். வேம்பு 'ஐயா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல் மாறுவதற்கே விவசாயக் கூலிகள் சங்கம் வைக்க வேண்டியிருந்தது. கொடி ஏற்ற வேண்டியிருந்தது, அறுவடையில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது, ஜெயிலுக்கும் போய் வர வேண்டியிருந்தது. மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி மாறி ஐந்து வருஷமாகியிருந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்தது. வேம்புவின் தெருவுக்கும் மனைப் பட்டா கிடைத்தது. அந்த நிலம் தன்னுடையது என்று ராஜகோபாலன் அதை எதிர்த்து அப்பீல் போட்டிருந்தார். அந்த வழக்கு முடியவில்லை.

'நீலாம்பரி' என்ற அந்தக் கப்பலில் இரண்டு உலகம் இருந்தது. மேலே கேபின். கீழே டெக். டெக்கில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெட்டி, கூடை, ஊறுகாய் ஜாடி, அழுகிற குழந்தைகள், வாந்தி என்று அது ஒரு சந்தை மாதிரி கிடந்தது.

மறுநாள் காலை, கரை கண்ணுக்கு மறைந்த பிறகு, சங்கு ஊதியது. குட்டையாக ஏழு முறை, நீளமாக ஒரு முறை. நாகூர்க்காரரான கப்பல் அதிகாரி இப்ராஹிம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"போட் டிரில்! எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு அவங்கவங்க படகுக்கிட்ட வரணும். ஒத்திகைதான், ஆனா கட்டாயம்!"

யாரும் அசையவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த சீட்டை இறக்கினார்கள். ஒருவர் தலைக்கு வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார். தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர், "ஏறின மறுநாளே முழுகுறதைப் பத்திப் பேசுறானுவளே, வாய்ல நல்ல சொல்லே வராதா?" என்று துப்பினார். பினாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் துரைராசு பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

"நான் இந்தக் கடல்ல எத்தனையோ தரம் போய் வந்துட்டேன். ஒரு தரமாச்சும் முழுகிச்சா? வெள்ளைக்காரன் வச்சிட்டுப் போன சடங்கு இது. சும்மா உக்காருங்க."

பெண்கள் அந்த ஆரஞ்சுச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக் கீழே போட்டார்கள். ஆம்பளைகள் நடுவில் நெஞ்சுக்கு மேல் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பது?

வேம்பு எடுத்து மாட்டினாள். தலைகீழாக மாட்டியிருந்தாள். அதைப் பார்த்து ஒரு கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு, நாலு என்று எழுதியிருந்த படகுக்குக் கீழே போய் நின்றாள். டெக்கில் பின்பக்கம் படுப்பவர்களுக்கும், கேபின்காரர்களில் ஒரு பகுதிக்கும் அந்தப் படகுதான். அவளைத் தவிர ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜகோபாலன் நின்றார்.

"சார், கீழ வாங்க," என்றார் இப்ராஹிம்.

"நான் இங்கேருந்தே பாத்துக்கறேன். அந்த வரிசையில வந்து நான் எதுக்கு நிக்கணும்?"

"உங்க படகு இதான் சார். உங்களுக்குன்னு வேற படகு இல்ல."

அவர் உள்ளே போய்விட்டார்.

இப்ராஹிம் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். வேம்பு பக்கத்தில் போனாள்.

"தம்பி, முதல்ல யாரு ஏறணும்? புள்ளத்தாச்சிங்க எங்க நிக்கணும்? ஏணி எந்தப் பக்கம் வரும்?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்லக்கா."

எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "இன்னிக்கு நடந்த லட்சணத்தைப் பாத்துட்டு, நாளைக்கு மறுபடியும் வைக்கணும்னு கேப்டன் சொல்லிட்டாரு. நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்."

"பாப்போம்," என்றாள் வேம்பு.

அன்று சாயங்காலம் அவள் பாய் பாயாகப் போய் உட்கார்ந்தாள். பெண்களிடம் முதலில் பேசினாள். "முந்தானையை இழுத்து இடுப்புல சொருகுங்க. நடவுக்கு எறங்குறப்ப எப்படிச் சொருகுவோம்? அதான். அதுக்கு மேல இதைக் கட்டுனா ஒண்ணும் தெரியாது." கட்டிக் காட்டினாள். ஒருத்தி கட்டினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி கட்டினாள்.

"இது என்னம்மா, சங்கத்து ஊர்வலமா?" என்று சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் கிண்டல் செய்தார்.

"ஆமா. போலீஸ் இல்லாத ஊர்வலம். வர்றதுக்கு என்ன பயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் ரெங்கம்மாளைப் பற்றிச் சொன்னாள். அந்த அறுவடை வேலைநிறுத்தத்தில் வாய்க்கால் கரையில் போலீஸ் தடியடி நடத்தியது. அடிபட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கூட்டம் சிதறி ஓடியதில் ரெங்கம்மாள் வாய்க்காலுக்குள் விழுந்தாள். அவள் மேல் ஆள் மேல் ஆளாக விழுந்தார்கள். இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள்.

"அவ காலை ஒடிச்சது போலீஸ் இல்ல. நாங்கதான். என் காலும் அவ மேல பட்டுச்சு. எங்க ஓடுறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. அன்னியிலேருந்து எங்க ஊர்ல நாங்க வரிசை விட்டுக் கலையுறதில்ல. துப்பாக்கியைக் காட்டுனாலும் கலையுறதில்ல."

துரைராசு தொண்டையைச் செருமினார். வேம்பு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இங்க இருக்குறவங்கள்ல கடல் தெரிஞ்சவரு நீங்கதான். வரிசையோட கடைசியில நின்னு, யாரும் விட்டுப் போகாம நீங்க பாத்துக்கணும்."

"அது பாத்துக்கலாம்," என்றார் துரைராசு. அவர் அதற்குப் பிறகு சடங்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் சங்கு ஊதியபோது நாலாம் நம்பர் படகின் கீழே ஒரு வரிசை நின்றது. குழந்தைகளும் தாய்மார்களும் முன்னால், வயதானவர்கள் அடுத்து, மற்றவர்கள் பின்னால். மற்ற படகுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, வெட்கப்பட்டுத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். அப்போது மாடிப்படியில் ஒன்பது கஜப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அபயாம்பாள் இறங்கி வந்தார். தனியாக.

"அவர் வரமாட்டேங்கறார். நான் வந்துட்டேன். எங்க நிக்கணும்?"

வரிசை தானாக விலகி அவருக்குப் பெரிய இடம் விட்டது. வேம்பு கையைக் காட்டினாள். "அவ்வளவு எடம் வேண்டாம். நெருங்கி நில்லுங்க. அம்மா, நீங்க எனக்குப் பின்னால."

அபயாம்பாள் நின்றார். லைஃப் ஜாக்கெட்டின் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். வேம்பு கட்டிவிடக் கையை நீட்டியதும் அவருடைய தோள் லேசாகப் பின்வாங்கியது. அது வேம்புவுக்குத் தெரிந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். தன் ஜாக்கெட்டின் முடிச்சை அவிழ்த்து, அவர் பார்க்கும்படி மெதுவாக மறுபடி போட்டாள். அபயாம்பாள் பார்த்துப் பார்த்துத் தானே கட்டினார். இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் நின்றது.

"எனக்கே வந்துடுத்தே!" என்று சின்னப் பெண் மாதிரி சிரித்தார்.

அடுத்த நாள் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்திருந்த வேளையில் சங்கு ஊதியது. குட்டையாக ஏழு, நீளமாக ஒன்று.

"மறுபடியுமா? விட மாட்டானுங்களா?" என்று யாரோ முனகினார்கள். அதற்குள் புகை வந்துவிட்டது. சமையல்கட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டிருந்தது. கறுத்த, கொழுப்பு நாற்றம் அடிக்கும் புகை மாடிப்படி வழியாக டெக்குக்குள் இறங்கியது. குழந்தைகள் அலறின. ஒருவர் பெட்டியைத் தூக்கப் போனார்.

"பெட்டியை விடுங்க! புள்ளையைத் தூக்குங்க!" வேம்புவின் குரல் அறுவடைக் களத்தில் கேட்கிற குரல். "வரிசை! அவங்கவங்க எடம்! முந்தானையைச் சொருகு, நாடாவைக் கட்டு!"

கால்கள் முந்திய நாள் போன வழியிலேயே போயின. யாரும் யாரையும் மிதிக்கவில்லை. இருமிக்கொண்டே, அழுதுகொண்டே, நாலாம் நம்பர் வரிசை படகின் கீழே நின்றது. மாலுமிகள் படகைப் பக்கவாட்டில் இறக்கித் தயாராக வைத்தார்கள். தலைப்பாகைக் கிழவர் ஜாக்கெட்டைச் சரியாக மாட்டியிருந்தார்.

அபயாம்பாள் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அவர் உள்ளயே இருக்கார். இதுவும் டிரில்தான், நீ போன்னுட்டார். இப்ப படியெல்லாம் புகையா இருக்கு. அவரால வேகமா நடக்க முடியாதே!"

வரிசையில் நின்ற மருதையன் பல்லைக் கடித்தான். அவன் பக்கத்து ஊர் விவசாயக் கூலி. அந்த அறுவடையின்போது ராஜகோபாலனின் ஆட்கள் அவன் மண்டையை உடைத்திருந்தார்கள். தழும்பு நெற்றியில் இருந்தது.

"வரமாட்டேன்னு சொன்னவரு அவருதானே. விடுங்கக்கா."

"அவரு நாலாம் நம்பர்," என்றாள் வேம்பு. "ஒரு ஆளு குறைஞ்சாலும் வரிசை முடியல. வா என்கூட." பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. துரைராசு அண்ணே, பாத்துக்குங்க."

இப்ராஹிம் ஈரத் துணிகளைக் கொடுத்து ஒரு மாலுமியையும் சேர்த்து அனுப்பினார். ராஜகோபாலன் பாதிப் படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கண் தெரியவில்லை.

"யாரது?"

"வேம்புங்கய்யா. இவன் மருதையன். இவன் தோளைப் பிடிச்சுக்குங்க."

அவர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். நெற்றித் தழும்பைக் கண்டிருப்பார் என்றுதான் வேம்பு நினைத்தாள். ஒரு நொடி கை அந்தரத்தில் நின்றது. பிறகு மருதையனின் தோளைக் கெட்டியாகப் பிடித்தது. மருதையன் அவரை அப்படியே முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

வெளிச்சத்துக்கு வந்ததும் வேம்பு முதலில் பார்த்தது வரிசையைத்தான். விட்டுப் போன இடத்தில் விட்டுப் போனபடியே நின்றது. புகை அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் முன்னால், துரைராசு கடைசியில், நடுவில் அவளுக்கென்று ஓர் இடம் காலியாக. அவள் இல்லாமலே நின்றிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் வேம்பு நிமிர்ந்தாள். நெடுவாய்க்காலில் கொடியேற்றிய அன்றுகூட அவள் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

அபயாம்பாள் கணவரை உட்கார வைத்து, ஜாக்கெட்டை மாட்டி, தான் கற்ற முடிச்சைப் போட்டார். இந்தத் தடவை ஒரு முறையும் நழுவவில்லை.

படகைக் கடலில் இறக்க வேண்டியிருக்கவில்லை. மாலுமிகள் வெகு நேரம் போராடி நெருப்பை அணைத்தார்கள். ஒரு சமையல்காரருக்குக் கையில் தீக்காயம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. சாயங்காலம் கேப்டன் டெக்குக்கு வந்தார். தன் கப்பல் வாழ்க்கையில் இப்படி ஒரு வரிசையைப் பார்த்ததில்லை என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை இப்ராஹிம் உரக்கத் தமிழில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். என்ன வேண்டும் என்று கேப்டன் கேட்டதற்கு, "டெக்குல பாதி ஜாக்கெட்டுக்கு நாடா இத்துப் போயிருக்கு. மாத்திக் கொடுங்க," என்றாள் வேம்பு. மறுநாளே தையல் ஊசியும் புது நாடாவும் வந்தன.

அதற்கு அடுத்த நாள் ராஜகோபாலன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு டெக்குக்கு இறங்கி வந்தார். வேம்பு எழுந்து நின்றாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மனைக் கேஸை நான் வாபஸ் வாங்கப் போறதில்ல."

"நாங்களும் விடப் போறதில்லைங்கய்யா."

"தெரியும்." கைத்தடியை மறு கைக்கு மாற்றினார். "அந்த மருதையன்... மண்டையில அடிபட்டவன்தானே?"

"ஆமாங்கய்யா."

"எங்க இருக்கான்?"

வேம்பு காட்டினாள். அவர் மெல்ல நடந்து அவனிடம் போனார். என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. மருதையன் எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அவரும் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு, சிரமப்பட்டு அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பினாங்கு தெரிவதற்கு முன் கடைசி டிரில் நடந்தது. இந்த முறை எல்லாப் படகுகளின் கீழும் ஆட்கள் நின்றார்கள். இப்ராஹிமுக்கு நாலு பக்கமும் வேலை. "நாலாம் நம்பரை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். தன் வரிசையின் பெயர்கள் எல்லாம் வேம்புவுக்கு மனப்பாடம். சங்கத்தில் கூப்பிடுகிற மாதிரி, வயது பார்க்காமல், பட்டம் சேர்க்காமல் கூப்பிட்டாள். துரைராசு, மருதையன், அபயாம்பாள் என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். அடுத்த பெயர் வந்தபோது அவள் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அதே குரலில், கொஞ்சமும் தாழ்த்தாமல் கூப்பிட்டாள்.

"ராஜகோபாலன்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. ஜாக்கெட் மாட்டி, நாடாவைச் சரியாகக் கட்டி, அவர் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கேன்," என்றார்.