கடைசி வரி இன்னொரு தடவை

பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்ததால் சபையில் எல்லாருக்கும் அவள் பல்லக்கா. அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையானால் கீபோர்டு வாசித்தார். கடை ஒன்றின் மாடியில் இருந்த அந்தச் சின்னச் சபையில் மொத்தமே முப்பது நாற்காலிதான். அதிலும் சிலவற்றில் குடையும் பையும்தான் உட்கார்ந்திருக்கும்.

ஊருக்கு வெளியே கண்ணாடியும் இரும்புமாக எழும்பிய பெரிய சபையைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சாமி மால்" என்பார். "அங்க ஆமென் சொன்னா ரசீது வரும்" என்பார். அவருடைய தங்கை போய்க்கொண்டிருந்தது அங்கேதான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"உங்க சபையில ஃபேன் சுத்தினாலே அற்புதம்னு சாட்சி சொல்றீங்க. நீங்க எங்களைப் பேச வந்துட்டீங்களாக்கும்!"

அண்ணனும் தங்கையும் இப்படி வாயடித்துக்கொண்டே ஒரே பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்வார்கள்.

மழைக்காலத்தில் அவர் கண்ணை மூடினார். சின்னச் சபை பல்லக்காவைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. வீட்டுக்குச் சாப்பாடு வந்தது, மருந்து வந்தது, துணைக்கு ஆள் வந்தது. ஆனால் பாட்டு நின்றுபோனது. பாடினால் கீபோர்டு ஞாபகம் வரும், பல்லக்கா உடைந்துபோவாள் என்று பாஸ்டர் பாட்டுக்குப் பதில் பைபிளைத் திறந்து சங்கீத அதிகாரம் வாசிக்க ஆரம்பித்தார். எல்லாரும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தபடியே வாசிப்பார்கள்.

அவளுக்கோ பாட்டு தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் பாடிப் பார்த்தாள். இரண்டாம் வரியில் குரல் கழன்றுகொண்டது. சுற்றிலும் நாலு பேர் பாடாமல் அவளுக்கு ஒருநாளும் பாட வந்ததில்லை. சபையில் வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். அதற்குள் புருஷனை மறந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டால்?

நாத்தனாரிடம்தான் சொன்னாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் என்கூட வாங்க அண்ணி. அங்க உங்களை யாருக்கும் தெரியாது. கத்திக்கூடப் பாடலாம்."

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன, ரசீது வாங்கிட்டு வான்னு சொல்லுவாரு. கிளம்புங்க."

அவர் சொன்னதில் பெரிதாகப் பொய் இல்லை. வாசலிலேயே சட்டையும் கோப்பையும் விற்கிற கடை, ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். காணிக்கைக்குக் கார்டு தேய்க்கிற மெஷின். சொகுசு நாற்காலி. மேடையில் திடீரென்று புகை கிளம்ப, பல்லக்கா பதறிப்போய் எழுந்தாள்.

"ஏதோ தீயுது!"

"உக்காருங்க அண்ணி, மானத்தை வாங்காதீங்க. அது அலங்காரம்."

விளக்குகள் அணைந்தன. அந்த இருட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எப்படிம்மா இருக்கே?" என்று யாரும் தலையைச் சாய்த்துக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் நடுவில் அவள் வெறும் ஒரு ஆள். இதற்காகவே இந்தக் கட்டடத்தைக் கட்டினார்களோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது பழைய காலத்துப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். டிரம் அடியில் அது அடையாளமே மாறியிருந்தது. ஆனாலும் அவள் பாடினாள். காத்திருப்பவர்களை வாசல்வரை கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல் அது, தடையில்லாமல் வந்தது. கடைசி வரி முடிந்தது, டிரம் ஓய்ந்தது, அரங்கம் அமைதியானது. அந்த அமைதியில் பல்லக்கா மட்டும் கடைசி வரியை முழுத்தொண்டையில் இன்னொரு தடவை பாடினாள்.

அவள் கணவருக்கு ஒரு பாட்டை முடிக்க மனசே வராது. எல்லாரும் புத்தகத்தை மூடும் நேரத்தில் கடைசி வரியை மறுபடி வாசிப்பார். சபை பாடித்தான் ஆகவேண்டும். வருஷக்கணக்கில் பாடிப்பாடி அது பாட்டோடு ஒட்டிவிட்டது. மற்ற இடங்களில் அப்படி இல்லை என்பது அவர்களில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது.

நாத்தனார் அவள் கையைக் கிள்ளினாள். ஆனால் அந்த வரியைப் பாடியது பல்லக்கா மட்டும் இல்லை. மேல்வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல், சுருதிக்குப் பக்கத்திலேயே வராமல். இடப்பக்கம் கீச்சென்று ஒரு பெண்குரல். அவளுடைய சின்னச் சபையின் டயர் கடைக்காரர்! பாஸ்டரம்மா!

மேடைப் பாடகர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்படித்தான், இன்னொரு தடவை!" என்று கையை உயர்த்தினார். டிரம் இடித்தது. மொத்தக் கூட்டமும் அந்த வரியை மறுபடி பாடியது. சாமி மாலுக்குள் காலெடுத்து வைக்காத மனுஷனுடைய வழக்கத்தை அத்தனை பேர் பாடினார்கள். பல்லக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணும் நனைந்தது; அதை அவள் துடைக்கவில்லை.

வெளியே காபிக் கவுன்ட்டரில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தபடி பாஸ்டரம்மா காகிதக் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா, பாஸ்டரம்மா?"

"நான்... சும்மா பாக்க வந்தேன்மா."

"எத்தனை வாரமா சும்மா பாக்குறீங்க?" என்றபடி டயர் கடைக்காரர் வந்தார். "அக்கா, நம்ம சபையில பாட்டு இல்லாம என்னால ஆகலை. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் இங்க ஓடி வந்துட்டேன்."

"உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான்..." என்று பாஸ்டரம்மா இழுத்தார்.

"பாடாம இருக்கிறதுதான் கஷ்டம். பாஸ்டருக்கு நீங்க இங்க வர்றது தெரியுமா?"

"வண்டியில உக்காந்திருக்காரு. உள்ள வந்தா கொள்கை போயிடுமாம். வெளி ஸ்பீக்கர்ல கேக்குறாரு."

நால்வரும் வண்டிக்குப் போனார்கள். பல்லக்கா கண்ணாடியைத் தட்டினாள். பாஸ்டர் அசடு வழிந்தபடி இறக்கினார்.

"பாஸ்டர், நாளைக்கு நம்ம சபையில பாடணும்."

"வாசிக்க ஆள் இல்லையேம்மா."

"வாயிருக்கு. போதும். நான் அழுதா அழுதுட்டுப் போறேன், நீங்க பாட்டை நிறுத்தக் கூடாது."

பாஸ்டர் ஸ்டீயரிங்கில் விரலால் ஒரு தாளம் தட்டினார். பிறகு, "எந்தப் பாட்டு?" என்றார்.

அவ்வளவுதான். டயர் கடைக்காரர் ஒன்றைச் சொல்ல, அது சாவு வீட்டுப் பாட்டு என்று பாஸ்டரம்மா மறுக்க, இருவருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. பளபளக்கும் சட்டை போட்ட பார்க்கிங் ஆள் விசில் ஊதினான்.

"வண்டியை எடுங்கய்யா! அடுத்த ஆராதனைக்கு ஆள் வருது!"

"இருப்பா, பாட்டு முடிவாகட்டும்" என்றாள் பல்லக்கா.

"அண்ணி, நாளைக்கு நானும் வரட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"வா. சாமி மாலுக்கு அடுத்த சனிக்கிழமை நானும் வரேன். ஆனா அந்தப் புகையை மட்டும் முன்னாடியே சொல்லிடு."